பட்டறை பார்த்து வந்த பழைய ரைபிள்: இனம் காணவும் வைத்திருக்கவும் முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் உள்ள ஊர்களில் 'திரீ-நாட்-திரீ' (.303 லீ-என்ஃபீல்ட் ரைபிள்) என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மரக்கட்டை, பித்தளைப் பூண், வலது கையால் தூக்கி இழுக்கும் போல்ட். ஆனால் கையில் இருக்கும் துப்பாக்கி எந்த வருடத்தது, எந்த ஆலையில் பிறந்தது, எத்தனை முறை பட்டறைக்குப் போய் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பட்டில், அதாவது தோளில் ஊன்றும் பின்கட்டையில், பதித்திருக்கும் ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அந்த எண் பட்டின் எண்ணாக இருக்கலாம். துப்பாக்கியின் எண் வேறாக இருக்கலாம்.

ராணுவ ரைபிளை ஆலைக்கு அனுப்பிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, கருப்படித்துத் திரும்ப அனுப்புவது வழக்கமான வேலை. அதனால் பட்டறை பார்த்தது போலி ஆகிவிடாது. ஒரே உடம்புக்கு இரண்டு மூன்று பிறந்தநாள், அவ்வளவுதான். அதைப் பிரித்துப் படிக்க ஒரே விதி: ரிசீவர், அதாவது குழலைத் தாங்கி உள்ளே போல்ட் ஓடும் இரும்பு உடம்பு, அதுதான் துப்பாக்கி. குழல், போல்ட், கட்டை, மேகசின் எல்லாம் பிறகு வந்து சேர்ந்த விருந்தாளிகளாக இருக்கலாம்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். கடைசியில் பார்த்தால் காலம் கடந்திருக்கும்.

எது வைத்திருக்கலாம், எது கூடாது

.303, 7.62 மி.மீ. போல்ட் ரைபிள்களும் .410 மஸ்கெட்டும் இந்தியாவில் தடை செய்யப்பட்ட 'போர்' (குழல் துளை அளவு) வகை. கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் சாதாரண லைசென்சில் இவை வராது, மத்திய உள்துறை வரை போக வேண்டும். வெளிநாட்டில் கடையில் அடுக்கி விற்பது போல ராணுவம் கழித்த ரைபிள் இங்கே விற்பனைக்கு வருவதில்லை. 'மிலிட்டரி கேன்டீன் கோட்டா', 'ஏலத்தில் எடுத்தது' என்று யாராவது விலை பேசினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டங்களில் குடும்பச் சொத்தாகச் சட்டப்படி கைமாறும் போல்ட் ரைபிள் பெரும்பாலும் .315 தான். இஷாப்பூர் ரைபிள் ஆலை சிவிலியன்களுக்காகச் செய்தது. உள்ளே லீ-என்ஃபீல்டின் அதே போல்ட் அமைப்பு, தோட்டா மட்டும் பழைய 8×50 மன்லிகர் வழி வந்தது. ராணுவத் தோட்டா வெளியே கசிந்தாலும் சிவிலியன் துப்பாக்கியில் ஏறக்கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. கடைக்காரர்கள் இதை '8 எம்.எம்.' என்பார்கள். ஜெர்மன் மவுசரின் 8 எம்.எம். வேறு, இது வேறு. பெயர் ஒன்று என்று தோட்டாவை மாற்றிப் போட்டால் விபத்தில் போய் முடியும்.

ஆயுதச் சட்டம் 1959இல் நான்கு இடங்கள் மனதில் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, வாரிசு வழியில் வந்தாலும் அதே வரம்பு. 21ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் போன துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசுக்கு இதுதான் முதல் வேலை, காரியம் முடியட்டும் என்று பரணில் வைத்துவிடக் கூடாது. 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள எண்ணையோ முத்திரையையோ அழிப்பதைக் குற்றமாக்குகிறது. 45ஆம் பிரிவு, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத அளவுக்குப் போய்விட்ட வழக்கொழிந்த ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. 'ரிப்பேர் செய்தாலும்' என்பதை அழுத்திப் படியுங்கள். துருப்பிடித்து போல்ட் இறுகிக் கிடப்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. எது அந்த வகை என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காகிதத்தைத் தேடுவது

இது இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரிய சிக்கல். தருமபுரி, சேலத்தில் இருந்து 2.10.1965இல் பிரிந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரியில் இருந்து 9.2.2004இல் பிரிந்தது. ஓசூரில் ஒரு தாத்தா 1960இல் வாங்கிய லைசென்சில் சேலம் கலெக்டர் முத்திரை இருக்கும், மகன் பெயருக்கு மாறியபோது தருமபுரி, பேரன் இப்போது போக வேண்டியது கிருஷ்ணகிரி. 'எங்கள் பதிவேட்டில் இல்லை' என்ற பதில் வந்தால் துப்பாக்கி கள்ளத்தனமானது என்று அர்த்தம் இல்லை, பதிவு பழைய மாவட்டத்தில் கிடக்கலாம். மூன்று ஊரிலும் தேடச் சொல்லி மனுவில் தேதிகளோடு எழுதுங்கள்.

வாரிசு லைசென்சுக்குத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல், பழைய லைசென்ஸ் புத்தகம், காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைத்த ரசீது ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஆயுத விதிகள் 2016இன்படி, லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனதும் அல்லது 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்ததும், தம் வாரிசுக்கு மாற்றித் தரலாம். தாத்தா நினைவோடு இருக்கும்போதே செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

லைசென்சில் உள்ள எண்ணையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒப்பிடும் இடத்தில்தான் அடுத்த பகுதியின் வேலை வருகிறது. அந்தக் காலத்துக் குமாஸ்தா போல்ட் கைப்பிடியில் கண்ட எண்ணை எழுதி வைத்திருப்பார். போல்ட் பின்னால் மாற்றப்பட்டிருந்தால் எண் பொருந்தாது. எது எந்தப் பாகத்தின் எண் என்று காட்டத் தெரிந்தால் திருத்த மனு எழுதலாம். தெரியாவிட்டால் நீங்களே சந்தேகத்துக்கு ஆளாவீர்கள்.

தொடும் முன்

ஒவ்வொரு முறையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, விரலை ட்ரிகருக்கு வெளியே வைத்து, முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு போல்ட்டைத் தூக்கி முழுக்கப் பின்னால் இழுங்கள். டார்ச் அடித்து, தோட்டா உட்காரும் சேம்பரைப் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். பழைய மாடல்களில் கட்-ஆஃப் என்ற தகடு மேகசினை மூடியிருக்கும். அதனால் மேலிருந்து பார்த்துக் காலி என்று முடிவு கட்டக் கூடாது. பழைய தோட்டா அகப்பட்டால் கழுவுவது, துடைப்பது, பிரிப்பது எதுவும் வேண்டாம். ஒற்றைத் தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

முத்திரை படிக்கும் முறை

நம் பக்கத்து நடுகற்களைப் படியெடுப்பவர்கள் வெயில் நேராக விழும்போது கல்வெட்டைப் பார்க்க மாட்டார்கள், சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்து எழும்பும். இரும்புக்கும் அதுவே. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாற்போலப் பிடியுங்கள். எழுத்து மேலே இருக்கும் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், பஃப் சக்கரம் எதுவும் கிட்டே வரக்கூடாது. மெல்லிய டிரேசிங் தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தால் போட்டோவில் விழாத எழுத்தும் விழும்.

லீ-என்ஃபீல்ட் 1ஆம் எண் (No. 1) மாடல் ரைபிளில் முதலில் பார்க்க வேண்டிய இடம், கட்டையின் கழுத்தும் இரும்பும் சேரும் வளையத்தின் வலது பக்கம். மேலிருந்து கீழாக மகுடம், அரசர் எழுத்து, ஆலை, வருடம், மாடல் என்று வரிசையாக இருக்கும். ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர், இந்தியத் தயாரிப்பில் ஜி.ஆர்.ஐ. என்று பேரரசர் எழுத்தும் சேரும். சுதந்திரத்துக்குப் பிறகு மகுடம் இருந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது, ஆலைப் பெயர் ஆர்.எஃப்.ஐ. என்று சுருங்கியது. மார்க் 3 மாடல் 1907இல் வந்தது. முதல் உலகப்போரின் அவசரத்தில் கட்-ஆஃப், தொலைதூரக் குறி பார்க்கும் வாலி சைட் போன்றவற்றைக் கழித்துச் செய்ததுதான் மார்க் 3 ஸ்டார். இஷாப்பூர் தவிர இங்கிலாந்தின் என்ஃபீல்ட், பி.எஸ்.ஏ., எல்.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலைகளின் பெயரும் வரும்.

இங்கேயே போலியைப் பிடித்துவிடலாம். கைபர் கணவாய்ப் பக்கத்துக் கைவினைப் பட்டறைகள் முத்திரையைப் பார்த்துப் பார்த்து அச்சடித்தவை, எழுத்து தலைகீழாக, எழுத்துப்பிழையோடு இருக்கும். வி.ஆர். என்று விக்டோரியா எழுத்தும் 1919 போன்ற வருடமும் சேர்ந்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ராணி இறந்தது 1901. அந்த இரும்பின் தரத்தை யாரும் உறுதி சொல்ல முடியாது, சுடவே கூடாது.

அடுத்து எண்கள். ரிசீவர் முன்வளையம், அதை ஒட்டிய குழலின் அடிப்பகுதி, போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன்கட்டையின் நுனி, குறி பார்க்கும் பின் சைட் தகடு, குழல் நுனியில் உள்ள இரும்பு மூடியான நோஸ்-கேப் ஆகிய ஆறையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறும் ஒன்றாக இருந்தால் இரண்டு வாய்ப்பு: பிறந்ததில் இருந்து பிரியாதது, அல்லது பட்டறையில் புதிதாக எண் அடித்துப் பொருத்தியது. வேறுபாடு எழுத்தின் உருவில் தெரியும். ஒரே கையால் ஒரே அச்சுத் தொகுப்பில் விழுந்த எண்களில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரே வால், ஒரே வளைவு இருக்கும். பட்டறையில் மாற்றியதில் பழைய எண்ணின் மேல் கோடு, அல்லது சுரண்டி எடுத்த பள்ளம், பக்கத்தில் வேறு அளவில் புது எண்.

குழலுக்குத் தனி வருடம் உண்டு. ரிசீவர் 1918, குழல் 1942 என்றால் நடுவில் குழல் மாறியிருக்கிறது. முழுப் பட்டறை வேலைக்கு எஃப்.டி.ஆர். என்றோ, இஷாப்பூர் வேலையில் எஃப்.ஆர். என்றோ வருடத்தோடு முத்திரை இருக்கும். முத்திரை இல்லாவிட்டாலும் சில அடையாளங்கள் காட்டிக்கொடுக்கும். இரும்பின் மேல் தடித்த கறுப்பு பெயிண்ட் எழுத்துக் குழிகளை நிரப்பியிருக்கும். கூர்மையாக இருக்க வேண்டிய ஓரங்கள் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். முன்கட்டையும் பட்டும் வேறு நிற மரமாக இருக்கும். உடைந்த மூலைகளில் சதுரமாக வெட்டிப் பொருத்திய மரத்துண்டு தெரியும். அந்தத் துண்டு எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு நல்ல ஆர்மரர் (ராணுவத் துப்பாக்கி மெக்கானிக்). பலரும் அதைக் குறை என்பார்கள், என் கணக்கில் அதுதான் துப்பாக்கியின் அழகான இடம்.

இந்தியப் பட்டறையின் கையெழுத்து என்றால் முன்கட்டையில், மேகசினுக்கு முன்பாகக் குறுக்கே ஓடும் ஒரு திருகு. 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். சுடும்போது ரிசீவர் பின்னுக்கு உதைக்கும், அந்த உதையை முன்கட்டையின் உட்புற மூலைகள் தாங்க வேண்டும். எண்ணெய் ஊறியோ காய்ந்தோ மரம் நசுங்கினால் கட்டை பிளக்கும், குறி சிதறும். அதைத் தடுக்கத்தான் அந்தத் திருகு. ஓட்டையை அடைத்து 'ஒரிஜினல்' என்று விற்பவர்களும் உண்டு.

இஷாப்பூரின் 2ஏ, 2ஏ1 மாடல்கள் பார்வைக்கு அதே மார்க் 3 தான், ஆனால் பழைய .303ஐக் குடைந்து மாற்றியவை அல்ல. 1962 சீனப் போரை ஒட்டி, 7.62×51 தோட்டாவுக்காக வலுவான எஃகில் புதிதாகச் செய்தவை. கீழே பெட்டி போலச் சதுரமான 12 தோட்டா மேகசின் இருக்கும். 2ஏவில் பின் சைட் 2000 வரை, 2ஏ1இல் 800 மீட்டர் வரை. இந்த இரண்டு அடையாளம் போதும்.

.410 மஸ்கெட், காவலர்களுக்காக .303இன் குழலை வழவழப்பாகக் குடைந்து ஒற்றைத் தோட்டாவாக்கியது, மேகசின் குழியில் மரக்கட்டை அடைத்திருக்கும். டி.பி. என்ற முத்திரை இருந்தால் டிரில்லுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. குழலில் துளை, தோட்டாவைக் குத்தும் ஊசி முனை அகற்றம் போன்றவை இருக்கும். அந்த டி.பி.யைத் தேய்த்து அழித்து முழுத் துப்பாக்கியாகக் காட்டுவதுதான் இந்தத் துறையில் ஆளைக் கொல்லும் மோசடி.

4ஆம் எண் (No. 4) மாடல் ரைபிளைத் தூரத்தில் இருந்தே பிரிக்கலாம். 1ஆம் எண்ணில் முகம் பன்றி மூக்கு மாதிரி மொட்டையாக முடியும், 4ஆம் எண்ணில் குழல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின் சைட் குழலில் இல்லாமல் ரிசீவரின் பின்கோடியில் இருக்கும். அதை வெட்டிக் குட்டையாக்கி 5ஆம் எண் 'ஜங்கிள் கார்பைன்' என்று காட்டுவார்கள். உண்மையான 5ஆம் எண்ணில் எடை குறைக்கக் குழலின் அடிப்பகுதியைக் குடைந்த பள்ளங்கள் இருக்கும். கைப்பிடி மரத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இயக்கத்தைச் சோதிப்பது

கண்ணுக்கு நன்றாக இருப்பதும் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல. லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் இரண்டு காதுகளால் பூட்டுகிறது, ஆலையில் இரண்டும் ஒரே சமயம் உட்காரும்படி ரிசீவரோடு தேய்த்துப் பொருத்துவார்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகினால் ஓடும், பூட்டும், ஆனால் ஒரு காது மட்டும் பாரம் தாங்கும். எண் பொருந்தாத போல்ட்டை ஆர்மரர் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

ஹெட்ஸ்பேஸ் என்பது பூட்டிய போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. .303க்கு 0.064 அங்குல கேஜில் (அளவு பார்க்கச் செருகும் துண்டு) போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல கேஜில் மூடக்கூடாது. மூடினால் பித்தளைக் கூடு பின்புறம் கிழிந்து வாயு முகத்துக்கு வரலாம். 4ஆம் எண்ணில் போல்ட் தலைக்கு 0 முதல் 3 வரை எண் உண்டு, ஒவ்வொன்றும் முந்தையதை விட ஏறத்தாழ 0.003 அங்குலம் நீளம். 3 போட்டும் சரிவரவில்லை என்றால் அந்த உடம்பு ஓய்ந்துவிட்டது.

குழலில் ஐந்து வரிப்பள்ளம், இடது பக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போர்க்கால 4ஆம் எண்ணில் இரண்டே பள்ளமும் வரும், அது குறையல்ல. வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது நுனியில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் தேய்ந்திருந்தால் அது குழல் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்த தழும்பு. உள்ளே கரும்புள்ளிக் குழிகள் இருந்தால் பழைய பிரைமரின் (தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் மருந்து) உப்பு வேலை. அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்தில் சுட்டதும் குழலில் கொதிநீர் ஊற்றி, உலர்த்தி, பிறகு எண்ணெய் விட்டார்கள்.

பிரிக்கும்போது பட் கட்டையைக் கழற்றும் ஆசை பலருக்கும் வரும். 1ஆம் எண்ணில் பட் கட்டைக்குள் ஓடும் நீண்ட பூட்டுத் திருகின் முனை சதுரமானது, அது முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அதைத் திருகினால் தகடும் சுழன்று, நூறு வருட மரம் 'டக்' என்று பிளக்கும். முதலில் நோஸ்-கேப், பிறகு முன்கட்டை, கடைசியில்தான் பட். உள்ளூர் ஸ்க்ரூ டிரைவர் திருகின் வாயைக் கெடுக்கும், வாய் அகலத்துக்குச் சரியாக ராவிய முனை வேண்டும்.

இதற்கு மேல் போகும் எந்த ரிப்பேரும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில்தான் நடக்க வேண்டும். ஓசூரில் எந்தத் திருகையும் அச்சுப்பிசகாமல் கடைந்து தரும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. துப்பாக்கிப் பாகத்தை அங்கே கொண்டுபோனால் கடைக்காரரையும் சேர்த்து வழக்கில் மாட்டிவிடுவீர்கள். நிக்கல் முலாம் போடும் யோசனையும் அப்படியே. முலாமுக்கு முன் பஃப் அடிப்பார்கள், எண் மழுங்கும், 8ஆம் பிரிவு வாசலில் நிற்கும்.

வெளிநாட்டில் சேகரிப்பவர்களுக்கு

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு அந்த ஊர்ச் சட்டப்படி சேகரிக்கும் நம்மவர்களுக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் ரஷ்யப் பட்டறை பார்த்தவை. மோசின்-நாகன் 91/30 என்ற ரஷ்ய ரைபிளில் துலா ஆலைக்கு நட்சத்திரத்துக்குள் அம்பு, இஷெவ்ஸ்க்குக்கு முக்கோணத்துக்குள் அம்பு. பட்டறை முத்திரை, குறுக்கே ஒரு சாய்கோடு போட்ட சதுரம். கட்டையில் சிவப்பு மினுக்கும் ஷெல்லாக் பூச்சு. ரஷ்யர் கைப்பற்றிய ஜெர்மன் கே98கே மவுசர் ரைபிளில் ரிசீவர் மேல் எக்ஸ் அடையாளம், போல்ட்டில் மின்பேனாவால் கிறுக்கிய புது எண். அந்த எக்ஸை அழித்து 'பட்டறை பாராத ஜெர்மன்' என்று இரண்டு மூன்று மடங்கு விலை சொல்வது அங்கே பழைய தந்திரம். ஊருக்கு வரும்போது இவற்றைக் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம்.

இங்கே இருந்துகொண்டு சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு என் சிபாரிசு, பித்தளை எண்ணெய்க் குப்பி, புல்-த்ரூ, கேன்வாஸ் சிலிங், பயிற்சிப் புத்தகம், பழைய லைசென்ஸ் தாள்கள், முத்திரைப் படிகள். நூறு முத்திரைப் படி உள்ள நோட்டு, லாக்கரில் பூட்டிய இரண்டு ரைபிளை விட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

வைத்திருக்கும் முறை

லைசென்ஸ் உள்ள .315ஐத் தோல் உறையில் போட்டு மாட்டி வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஐப்பசி மழையில் தோல் ஈரம் குடித்து, உறை படும் இடமெல்லாம் துரு பூக்கும். இரும்பு அலமாரி, சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி, தரையில் இருந்து உயர்த்தி, உள்ளே சிலிக்கா ஜெல். மரத்துக்குக் கரையான்தான் எமன். போல்ட் ஒரு பூட்டில், துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா மூன்றாவது பூட்டில்.

தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், போல்ட் இறுகும். தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துப் பிழிந்து, கை பட்ட இடமெல்லாம் மெல்லிசாக. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், விரல் நுனியால் தேய்த்து ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து, மறுநாள் மறுபடி, மூன்று தடவை. சித்திரை வெயிலில் மரம் சுருங்கித் திருகுகள் தளரும், அப்போது ஒருமுறை பாருங்கள். மழைக்காலத்தில் மாதம் இருமுறை துடையுங்கள், நோஸ்-கேப்புக்கு உள்ளே மறக்காமல். வெளியே பளபளக்கும் துப்பாக்கிகளில் முதலில் துரு பிடிப்பது அந்த மூடிக்குள்தான்.